குதிரையைச் சாய்த்த காலாள்!

இரும்புக் கவசம், லட்சாதிபதிக் குதிரை, பரம்பரைப் பெருமை... அத்தனையையும் தினச் சம்பளக்காரன் ஒருவன் மண்ணைக் கவ்வ வைத்த கதை. அப்புறம் அந்தச் சம்பளக்காரனையும் ஒரு ஆள் காலி பண்ணிய கதை!

ஹாஸ்டலில் லேன் கேபிள் இழுத்து ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்-2’ ஆடாத இன்ஜினீயரிங் காலேஜ் இருக்குமா என்ன? 1999-ல் வந்த கேம். அதில் ஒரு ‘நைட்’ வேண்டும் என்றால், அதாவது கவசம் போட்ட குதிரை வீரன், 60 உணவும் 75 தங்கமும் வெட்ட வேண்டும். ஈட்டிக்காரனுக்கு 35 உணவு, 25 மரம் போதும். தங்கம் ஒரு பொட்டுக்கூட வேண்டாம். ஆனால், நாலைந்து ஈட்டிக்காரர்களைச் சேர்த்து நிறுத்திப் பாருங்கள்... நைட் அம்பேல்!

‘அது கேமுக்காகப் போட்ட கணக்கு பாஸ்’ என்கிறீர்களா? இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் நிஜமாகவே போடப்பட்ட கணக்கு அது. அந்தக் கண்டத்தில் நானூறு வருஷத்தில் சண்டை போடும் முறை எப்படி மாறியது என்று பார்த்தால், எந்த ஆயுதம் பெரிசு என்பதைவிட மூணு கேள்விதான் முக்கியமாக இருந்திருக்கிறது. அதன் விலை என்ன? கத்துக்க எத்தனை நாள் ஆகும்? அது யார் கையில் இருக்கிறது?

நடமாடும் சொத்து!

முதலில் நம்ம நைட்டைப் பார்த்துவிடலாம். ஏழு வயதில் ஒரு பிரபு வீட்டில் எடுபிடி. பதினாலு வயதில் இன்னொரு வீரனுக்கு உதவியாளன். இருபத்தொன்று வாக்கில் பட்டம். கூட்டிக் கழித்தால், நம்ம எல்.கே.ஜி-யிலிருந்து பி.இ முடிக்கிற வரை ஆகிற அளவுக்கு டிரெய்னிங்!

செலவு? 14-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓரளவு நல்ல போர்க்குதிரை 10 பவுண்டுக்கு மேல். அப்போது ஒரு பவுண்டு என்பது 240 பென்ஸ். நடந்து போகும் ஒரு வில்லாளிக்கு ஒரு நாள் சம்பளம் 3 பென்ஸ். வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு குதிரைக்கு அவன் 800 நாள் சாப்பிடாமல் வேலை செய்ய வேண்டும். இது போக கவசம், வாள், ஈட்டி, உதிரிக் குதிரை, குதிரைக்காரன். இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வரும்? நிலத்திலிருந்து. நிலத்தில் உழைக்கிற குடியானவனிடமிருந்து. அதனால்தான் அங்கே சண்டை போடுகிறவனும் ஊரை ஆள்கிறவனும் ஒரே ஆளாக இருந்தான்.

குதிரையில் ஏறி உட்கார்ந்தவன் உறுதியாக நிற்கக் காலுக்கு அங்கவடி, பின்னால் உயரமான சேணம், கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்த நீளமான ஈட்டி. குதிரை, மனிதன், இரும்பு... மூன்றின் மொத்த எடையும் ஓட்டத்தின் வேகமும் அந்த ஈட்டி முனையில் வந்து நிற்கும். முதல் வருஷ பிசிக்ஸ்தான். ஆனால், எதிரே நிற்கிறவனுக்கு அது பிசிக்ஸ் இல்லை, எமன்!

1066 அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ். இங்கிலாந்து மன்னன் ஹரால்டின் ஆட்கள் ஒரு மேட்டின் மேல் கேடயத்தோடு கேடயம் ஒட்டிச் சுவர் மாதிரி நிற்கிறார்கள். நார்மண்டியின் வில்லியம் குதிரைப்படையை ஏவுகிறார். சுவர் உடையவில்லை. காலையில் ஆரம்பித்த சண்டை பொழுது சாய்கிற வரை இழுக்கிறது. கடைசியில் நார்மன் குதிரைப்படை தோற்று ஓடுவது மாதிரி பாவ்லா காட்ட, துரத்திக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஹரால்டு செத்தார். இந்தக் கதை முழுக்க ஏறத்தாழ 70 மீட்டர் நீளத் துணியில் நூலால் தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘பேயூ டேபஸ்ட்ரி’ என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேருக்கு நேர் மோதிக் குதிரை அந்தச் சுவரை உடைக்கவில்லை. வரிசையை விட்டு ஆட்கள் கலைந்த பிறகுதான் உடைந்தது. ‘கலையாமல் நின்றால் குதிரை ஒன்றும் பண்ண முடியாது’ என்கிற பாடம் அன்றைக்கே போர்டில் எழுதப்பட்டுவிட்டது. ஆனால், அதை எழுதி எடுத்துக்கொள்ள ஐரோப்பாவுக்கு ரொம்ப நாள் ஆனது.

நெசவாளிகள் வைத்த ஆப்பு!

1302 ஜூலை 11. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கோர்ட்ரைக் ஊர். பிரான்ஸ் மன்னனின் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய ஃபிளாண்டர்ஸ் நகரத்து மக்கள் ஒரு பக்கம். யார் அவர்கள்? நெசவாளிகள், துணி பதப்படுத்துகிறவர்கள், கசாப்புக் கடைக்காரர்கள். அவர்கள் தலைவர்களில் ஒருவரான பீட்டர் டி கோனின்க்கே ஒரு நெசவாளிதான். எதிர்ப்பக்கம், ஐரோப்பாவிலேயே கெத்தான பிரெஞ்சு நைட்டுகள். தளபதி, அர்த்துவாவின் ராபர்ட் என்கிற பெரிய பிரபு.

நெசவாளிகள் கையில் இருந்தது ‘கூடென்டாக்’. பேர்தான் பெரிசு. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான தடித்த மரக்கட்டை, நுனியில் ஒரு இரும்பு முள். அவ்வளவுதான். ஊர்க் கொல்லனே செய்து தரக்கூடிய ஐட்டம். ஆனால், அவர்கள் நின்ற இடம் அப்படி. முன்னால் ஓடைகள், சதுப்பு. பின்னால் ஆறு. குதிரை வேகம் எடுக்க முடியாது. இவர்களும் ஓட முடியாது. தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

நைட்டுகள் வந்தார்கள். ஓடையில் தடுமாறினார்கள். வரிசை கலையவில்லை. அப்புறம் நடந்ததைச் சொல்ல ஒரு படிமமே போதும். சண்டை முடிந்து செத்துக்கிடந்த நைட்டுகளின் பூட்ஸிலிருந்து கழற்றிய பொன்முலாம் குதிமுட்கள் சுமார் 500 ஜோடி அந்த ஊர்ச் சர்ச்சில் தொங்கவிடப்பட்டன. அதனால்தான் அதற்கு ‘பொன் குதிமுள் சண்டை’ என்று பேர். ராபர்ட்டும் அங்கேயே காலி. பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் மக்களுக்கு ஜூலை 11 இன்றைக்கும் விழா நாள்!

இதில் இன்னொரு மேட்டர் இருக்கிறது. நைட்டுகள் உலகத்தில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. தோற்ற நைட்டைக் கொல்லாதே, பிடித்து வை, வீட்டிலிருந்து பணம் வாங்கிக்கொண்டு விடு. 1356-ல் புவாத்தியே சண்டையில் பிரான்ஸ் மன்னர் ஜானே இப்படி ஆங்கிலேயர்களிடம் மாட்டினார். பேசிய பிணைத்தொகை 30 லட்சம் பொற்காசு! அதைக் கட்டுவதற்காகப் புதுசாக ஒரு காசையே அச்சடித்தார்கள். அதுதான் 1360-ல் பிறந்த ‘பிராங்க்’. யூரோ வருகிற வரை பிரான்ஸின் பணத்துக்கு அந்தப் பெயர்தான்.

ஆனால், கோர்ட்ரைக்கில் நெசவாளிகளுக்கு வந்த உத்தரவு வேறு. ‘சண்டை முடியும் வரை யாரையும் சிறைபிடிக்கக் கூடாது.’ வரிசை கலைந்தால் எல்லோரும் செத்தோம் என்கிற பயம். ஆக, ஏழை ஜெயித்த நாளிலேயே இரக்கமும் போர்க்களத்தை விட்டு ஒரு அடி பின்வாங்கியது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

ஒரு நைட்... எட்டு வில்லாளி!

1346 ஆகஸ்ட் 26, பிரான்ஸில் உள்ள கிரெஸி. இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு வைத்திருந்த துருப்புச் சீட்டு, லாங்போ என்கிற நீள்வில். அவருடைய படையின் சம்பளப் பட்டியல் சுவாரஸ்யமானது. நைட்டுக்கு நாளைக்கு 24 பென்ஸ். குதிரை வைத்திருக்கும் வில்லாளிக்கு 6. நடந்து வரும் வில்லாளிக்கு 3. ஒரு நைட் சம்பளத்தில் எட்டு வில்லாளி!

அந்த வில்லைப் பற்றி ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வாத்தியார் ஒரு பீரியட் பேசலாம். யூ மரத்தில், உள்பக்கத்து வைரக்கட்டை அமுக்கத்தைத் தாங்கும். வெளிப்பக்கத்து வெள்ளைக்கட்டை இழுவையைத் தாங்கும். இரண்டும் சேருகிற இடம் பார்த்து ஒரே கட்டையில் வில்லைச் செதுக்கினார்கள். இன்றைக்கு நாம் ‘காம்போசிட் மெட்டீரியல்’ என்று பேப்பர் பிரசென்டேஷன் கொடுக்கிற சமாச்சாரத்தை மரம் சும்மா வளர்த்து வைத்திருந்தது.

அன்று பிரெஞ்சு மன்னர் ஆறாம் ஃபிலிப் முதலில் அனுப்பியது, கூலிக்கு வந்த ஜெனோவா ஊர் கிராஸ்போக்காரர்களை. கிராஸ்போ, துப்பாக்கி மாதிரி பிடித்து விசையைத் தட்டுகிற குறுக்குவில். வலு அதிகம், ஆனால் திரும்ப நாண் ஏற்ற நேரம் ஆகும். நிமிஷத்துக்கு இரண்டு முறை விட்டாலே பெரிசு. அதற்குள் நீள்வில்லில் ஆறிலிருந்து பத்து அம்பு போய்விடும். நாண் ஏற்றும்போது மறைந்துகொள்ளும் பெரிய கேடயங்களோ பின்னால் சாமான் வண்டியில் மாட்டிக்கொண்டன. கிராஸ்போக்காரர்கள் தாங்காமல் திரும்பினார்கள். ‘கோழைகளா!’ என்று கடுப்பான பிரெஞ்சு நைட்டுகள் தங்கள் கூலி ஆட்களையே மிதித்துக்கொண்டு முன்னேறினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார் அந்தக் காலத்து எழுத்தாளர் ஃப்ருவாசார்.

ராத்திரி வரை அலை அலையாகத் தாக்குதல். ஒன்றும் எடுபடவில்லை. பொஹீமியா மன்னர் ஜானுக்குக் கண் தெரியாது. ஆனாலும் தன் குதிரையைப் பக்கத்து வீரர்களின் குதிரைகளோடு பிணைத்துக்கொண்டு சண்டைக்குள் போனார். மறுநாள் அவர்கள் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் செத்துக் கிடந்தார்கள். பிரெஞ்சுத் தரப்பில் செத்த நைட்டுகளும் அவர்களுக்கு இணையான வீரர்களும் மட்டும் சுமார் 1,500 பேர். சாதாரண ஆட்களை யாரும் ஒழுங்காக எண்ணக்கூட இல்லை.

நம்பாதீங்க பாஸ்!

* ‘கவசம் போட்ட நைட் விழுந்தால் எழுந்திருக்க முடியாது. கிரேன் வைத்துத்தான் குதிரையில் ஏற்றுவார்கள்.’ - சினிமா ரீல்! 15-ம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோதான். அதுவும் உடம்பு முழுக்கப் பிரிந்து உட்காரும். பழகினவன் ஓடலாம், குதிக்கலாம், தானாகவே குதிரை ஏறலாம்.

* ‘நீள்வில் அம்பு எந்தக் கவசத்தையும் துளைக்கும்.’ - இல்லை. நல்ல எஃகு மார்புத் தகட்டில் பட்டால் பெரும்பாலும் சறுக்கிவிடும். அடி வாங்கியது குதிரைகளும், கை கால் மூட்டு, முகம் மாதிரி மறைப்பு குறைவான இடங்களும்தான்.

* ‘கொடூர ஆயுதத்துக்குத் தடை போட்டால் நின்றுவிடும்.’ - 1139-ல் ரோமில் நடந்த இரண்டாம் லாத்தரன் சபை, கிறிஸ்தவர்கள் மேல் கிராஸ்போவும் வில்லும் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. யாரும் கேட்கவில்லை. 1199-ல் ‘சிங்க மனசுக்காரர்’ ரிச்சர்டு மன்னர், பிரான்ஸில் ஒரு சின்னக் கோட்டை முன்னால் கிராஸ்போ அம்பு பட்டுத்தான் செத்தார்.

சேற்றில் புதைந்த சட்டம்

1415 அக்டோபர் 25, அஜின்கோர்ட். ஷேக்ஸ்பியர் புண்ணியத்தில் இங்கிலீஷ் லிட்டரேச்சர் கிளாஸில் ஃபேமஸான சண்டை. ஐந்தாம் ஹென்றியின் படையில் ஆறில் ஐந்து பேர் வில்லாளிகள். பசி, வயிற்றுப்போக்கு, நீண்ட நடை என்று நொந்து நூலாகி வந்தவர்கள். இரண்டு பக்கமும் காடு. நடுவில் உழுது போட்ட வயல். முந்தின ராத்திரி மழை. முன்னால் கூர் சீவிய கழிகளை நட்டுவிட்டு வில்லாளிகள் நின்றார்கள்.

குதிரைத் தாக்குதல் சேற்றிலும் கழிகளிலும் சிதறியது. பின்னால் நடந்து வந்த பிரெஞ்சு வீரர்கள் முழங்கால் சேற்றில், இடமே இல்லாத நெரிசலில், முன்னால் விழுந்தவன் மேல் பின்னால் வந்தவன் விழுந்து... கை தூக்கி வாள் வீசக்கூட முடியாத கூட்டம். வில்லாளிகள் அம்பு தீர்ந்ததும் சுத்தியல், கோடாலி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பிரான்ஸின் தலைமைத் தளபதி, மூன்று டியூக்குகள் எல்லோரும் பலி.

ஹைலைட் அது இல்லை. நூற்றுக்கணக்கான நைட்டுகள் சரணடைந்து நிற்கிறார்கள். பழைய சட்டப்படி ஒவ்வொருவரும் நடமாடும் பேங்க் பேலன்ஸ். அந்த நேரம் எதிரி திரும்ப வருகிறான் என்று ஒரு பதற்றம். ‘கைதிகளைக் கொல்லுங்கள்’ என்றார் ஹென்றி. அவருடைய நைட்டுகள் தயங்கினார்கள். கௌரவம் பாதி, போகப்போகிற பணம் பாதி. கடைசியில் அந்த வேலைக்கு 200 வில்லாளிகளை அனுப்பினார் என்று அக்காலத்து வரலாறுகள் சொல்கின்றன. உத்தரவு போட்டவர் ராஜா. ரத்தம் பட்டது யார் கையில் பார்த்தீர்களா?

பத்து வருஷக் கோர்ஸ்!

இவ்வளவு மலிவான, இவ்வளவு பவர்ஃபுல் ஆயுதத்தை ஏன் எல்லா நாடும் காப்பியடிக்கவில்லை? இங்கேதான் கேம் நம்மிடம் பொய் சொல்கிறது. கேமில் வில்லாளி சில விநாடிகளில் வெளியே வந்துவிடுவான். நிஜத்தில் பத்து வருஷம் ஆகும்.

1545-ல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்கிற ஆங்கிலேயப் போர்க்கப்பலை 1982-ல் கடலிலிருந்து தூக்கினார்கள். உள்ளே 130-க்கும் மேற்பட்ட முழு வில்கள், 3,500-க்கும் மேற்பட்ட அம்புகள். அந்த வில்களை இழுக்கத் தேவையான விசை பெரும்பாலும் 100 பவுண்டுக்கு மேல். சிலவற்றில் 180 பவுண்டு வரை. அதாவது 45 கிலோவிலிருந்து 80 கிலோ. நம்ம ஜிம் பார்ட்டிகள் பலருக்குக் காது வரை இழுக்கவே வராது. கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலேயே இருந்தது. சின்னப் பையனிலிருந்து வில் இழுத்ததன் அடையாளமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உடம்பே ஆயுதத்துக்கு ஏற்ற மாதிரி வளைந்திருக்கிறது!

1363-ல் மூன்றாம் எட்வர்டு ஒரு உத்தரவு போட்டார். லீவு நாளில் ஆம்பளைகள் எல்லோரும் வில் பழக வேண்டும். ஃபுட்பால், சேவல் சண்டை எல்லாம் கட்! 1472-ல் இன்னொரு சட்டம். மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால், வெளிநாட்டிலிருந்து சரக்கு கொண்டுவரும் வணிகர்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில் கட்டைகள் கொண்டுவர வேண்டும்.

ஆக, வில் மலிவுதான். வில்லாளி மலிவு இல்லை. செலவு ராஜாவின் கணக்குப் புத்தகத்தில் இல்லாமல், கிராமத்துப் பையன்களின் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தோள்பட்டைகளிலும் ஒளிந்திருந்தது. 1429 ஜூன் 18, பட்டே என்ற இடத்தில் ஒரு மான் குறுக்கே ஓட, வில்லாளிகள் உற்சாகத்தில் கத்திவிட்டார்கள் என்று ஒரு கதை. கழி நடுவதற்கு முன்பே பிரெஞ்சுக் குதிரைகள் வந்து விழுந்தன. அந்தப் படை சிதறியது. ஒரு மதியத்தில் செத்துப்போன வில்லாளிகளுக்குப் பதிலாக ஆள் தயாராக இன்னொரு பத்து வருஷம் வேண்டுமே!

போரடிக்கிற கோல் போருக்கு வந்தது!

டிரெய்னிங் நேரத்தைக் குறைக்க முடியுமா? இதற்கு சூப்பரான விடை கண்டுபிடித்தவர் யான் ஜிஷ்கா. இன்றைய செக் குடியரசுப் பகுதியில், சர்ச்சை விமர்சித்த யான் ஹுஸ் என்கிற போதகரை 1415-ல் உயிரோடு எரித்துவிட்டார்கள். அவருடைய ஆதரவாளர்களை ஒடுக்க 1420-லிருந்து படை மேல் படை வந்தது. இவர்களிடம் இருந்தது குடியானவர்களும் மாட்டு வண்டி, குதிரை வண்டிகளும்.

சரி, வண்டியையே கோட்டை ஆக்கு என்றார் ஜிஷ்கா. வண்டிகளின் பக்கவாட்டில் பலகை அடித்து, ஒன்றோடு ஒன்று சங்கிலியில் பிணைத்து வட்டம் கட்டினார். வண்டிக்கு இருபது பேர் அளவில் குழு. சிலரிடம் கிராஸ்போ, சிலரிடம் அப்போதுதான் வந்திருந்த கைத்துப்பாக்கி, சிலரிடம் ஈட்டி. இன்னும் சிலரிடம் களத்துமேட்டில் கதிரடிக்கிற கோலில் இரும்பு முள் அடித்தது! அறுவடைக்குப் போரடித்தவன் அதே கோலோடு போருக்கு வந்துவிட்டான். வில் மாதிரி பத்து வருஷம் வேண்டாம். துப்பாக்கி குறி தவறும், புகை கண்ணை மறைக்கும். ஆனால், சில வாரங்களில் கற்றுக்கொடுக்கலாம். வண்டி பின்னால் நிற்பதால் பயமும் குறைவு.

ஜிஷ்காவுக்கு ஏற்கெனவே ஒரு கண் கிடையாது. 1421-ல் ஒரு கோட்டை முற்றுகையில் இன்னொரு கண்ணும் போனது. அதற்குப் பிறகும் 1424-ல் நோயில் சாகும் வரை படை நடத்தினார். 1431-ல் டோமாஜ்லிட்சே என்ற இடத்தில், வண்டிகள் உருளும் சத்தமும் இவர்கள் பாடிக்கொண்டு வரும் பாட்டும் கேட்டே எதிரிப்படை ஓடியது என்பார்கள். இவர்கள் வைத்திருந்த குட்டைப் பீரங்கிக்கு ‘ஹௌஃப்னிட்சே’ என்று பேர். ‘ஹோவிட்சர்’ என்று இன்றைக்கு நியூஸில் படிக்கிறீர்களே, நம்ம போஃபர்ஸ் கூட அந்த ரகம்தான், அந்தச் சொல் இங்கிருந்து கிளம்பியதுதான்!

இவர்களை யார் தோற்கடித்தது? வெளியாள் இல்லை. 1434-ல் லிபானியில், அதே இயக்கத்தின் மிதவாதிகள் எதிரிகளோடு சேர்ந்து வந்தார்கள். தோற்று ஓடுவது மாதிரி நடித்தார்கள். வண்டிக் கோட்டையைத் திறந்து துரத்தியவர்கள் மாட்டினார்கள். 368 வருஷத்துக்கு அப்புறம் மறுபடியும் ஹேஸ்டிங்ஸ் சிலபஸ்!

1453: ஒரே வருஷம், ரெண்டு ரிசல்ட்

இதுவரை கோட்டைகள் பற்றிப் பேசவில்லை. ஏனென்றால், ரொம்ப நாளாகக் கோட்டைக்குள் இருப்பவனுக்குத்தான் லாபம். வெளியே இருப்பவன் சுவரை இடிக்கப் பெரிய கல்லெறி இயந்திரம் கட்ட வேண்டும். ட்ரெபுஷே என்று பேர். ஒரு பக்கம் டன் கணக்கில் எடை, இன்னொரு பக்கம் கல். கிணற்று ஏற்றத்தின் தத்துவம்தான். 1304-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டை முன்னால் முதலாம் எட்வர்டு ‘போர் ஓநாய்’ என்று ஒன்றைக் கட்டினார். உள்ளே இருந்தவர்கள் பயந்து சரணடைய வந்தால், ‘போய் உள்ளே நில்லுங்க, நான் இதை டெஸ்ட் பண்ணணும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்! புராஜெக்ட் முடித்துவிட்டு டெமோ காட்டாமல் இருக்க முடியுமா?

பீரங்கி வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. வெடியுப்பு, கந்தகம், கரி - சீனாவிலிருந்து வந்த ஃபார்முலா. ஆரம்பத்தில் இதை மாவாகவே எடுத்துப்போவார்கள். வண்டி குலுங்கினால் பொருள்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். 15-ம் நூற்றாண்டில் அதை ஈரமாக்கிக் குருணையாக உலர்த்தினார்கள். நடுவில் காற்று போக இடம் இருப்பதால் ஒரே சீராக எரிந்தது, வேகமும் கூடியது.

1453 மே 29, கான்ஸ்டான்டிநோபிள். ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து நின்ற சுவர்கள். ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத்தின் பெரிய பீரங்கி அரை டன்னுக்கு மேற்பட்ட கல் குண்டை எறிந்தது. அதை இழுக்க 60 மாடுகள். நாளைக்கு ஏழு தடவைதான் சுட முடியும். ஆனால், சுவருக்கு ஏழு தடவையே அதிகம். ஏழு வார முற்றுகைக்குப் பிறகு நகரம் விழுந்தது. உள்ளே காக்க இருந்தவர்கள் 7,000 பேர் அளவுதான்.

அதே வருஷம் ஜூலை 17, பிரான்ஸின் காஸ்தியோன். தூசி கிளம்புவதைப் பார்த்து ‘பிரெஞ்சுக்காரன் ஓடுறான்’ என்று நினைத்துப் பாய்ந்தார் ஆங்கிலேயத் தளபதி ஜான் டால்பட். ஜான் புரோ என்கிற பீரங்கி நிபுணர் அமைத்த முகாம் அங்கே காத்திருந்தது. சின்னதும் பெரிசுமாகச் சுமார் 300 பீரங்கிகள் இருந்ததாகச் சொல்கிறார்கள். டால்பட் செத்தார். நூறு ஆண்டுப் போர் அதோடு முடிந்தது. கிரெஸியில் வில்லால் ஜெயித்த நாடு, பீரங்கி முன்னால் சுருண்டது.

அப்போ ஜெயிச்சது யாரு?

‘ஏழை ஜெயித்தான், பணக்கார நைட் ஒழிந்தான், சுபம்’ என்று முடித்தால் நல்லாத்தான் இருக்கும். ஆனால், கணக்கு அப்படி வரவில்லை.

கட்டையில் முள் அடிக்க ஊர்க் கொல்லன் போதும். பீரங்கி வார்க்க வெண்கலம், பட்டறை, மருந்து, நூற்றுக்கணக்கான மாடுகள், சம்பளம் வாங்கும் நிபுணர்கள் வேண்டும். அது நெசவாளியாலும் முடியாது, ஒரு சின்னப் பிரபுவாலும் முடியாது. முடிந்தது ராஜாவால் மட்டும். 1439-ல் பிரான்ஸின் ஏழாம் சார்லஸ், ‘படை திரட்டும் உரிமை எனக்கு மட்டும்தான்’ என்று உத்தரவு போட்டார். 1445-ல் நிரந்தரச் சம்பளப் படை அமைத்தார். அதற்காக வருஷா வருஷம் வரி. அந்த வரியை யார் கட்டினார்கள்? பெரும்பாலும் அதே குடியானவன். முன்பு நைட்டின் குதிரைக்குத் தீனி போட்டவன், இப்போது ராஜாவின் பீரங்கிக்கு மருந்து போட்டான்.

சண்டைகளைப் பற்றி மட்டுமே பேசினால் இன்னொன்றும் மறைந்துவிடும். 1355-ல் இங்கிலாந்து இளவரசர் எட்வர்டு, போர்டோவிலிருந்து கிளம்பித் தெற்கு பிரான்ஸின் குறுக்கே நார்போன் வரை போய்த் திரும்பினார். இரண்டு மாசம். பெரிய சண்டை ஒன்றுகூட இல்லை. வழியில் இருந்த கிராமம், களஞ்சியம், ஆலை எல்லாவற்றையும் எரித்ததுதான் வேலை. எதிரி ராஜாவுக்கு வரி கட்டும் ஆளை ஓட்டாண்டியாக்குவது... அதுதான் டாக்டிக்ஸ்! அந்த ஊர்க்காரர்களுக்கு வந்தது நைட்டா, வில்லாளியா என்பதில் என்ன வித்தியாசம்?

இன்றைக்கும் இந்தக் கணக்கு ஓடுகிறது. 2022-ல் ரஷ்யா படையெடுத்த பிறகு உக்ரைனில் நடந்த சண்டைகளில், சில நூறு டாலர் ட்ரோன்கள் பல லட்சம் டாலர் டாங்கிகளை எரித்ததை நாம் மொபைலிலேயே பார்த்தோம். கோர்ட்ரைக் மாதிரியே இருக்கிறது, இல்லையா? கை தட்டும் முன் அந்த மூணு கேள்வியையும் கேட்டுவிடுவது நல்லது. விலை என்ன, கத்துக்க எத்தனை நாள், நாளைக்கு அது யார் கையில்?

ஏனென்றால், இந்தக் கதையில் நம்ம டிபார்ட்மென்ட் ஆள் ஒருவர் உண்டு. கான்ஸ்டான்டிநோபிளை உடைத்த பீரங்கியை வார்த்தவர் ஓர்பன். ஹங்கேரிக்காரர். அவர் முதலில் வேலை கேட்டுப் போனது மெஹ்மத்திடம் இல்லை, கான்ஸ்டான்டிநோபிள் பேரரசரிடம்! அங்கே கொடுத்த சம்பளம் குறைவு, அதுவும் ஒழுங்காக வரவில்லை என்று எழுதியிருக்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் டூகாஸ். அதனால் சுல்தானிடம் போனார். சுல்தான் கேட்டது ஒரே கேள்வி. ‘அந்தச் சுவரை உடைக்கிற பீரங்கி செய்ய முடியுமா?’ முடியும் என்றார் ஓர்பன். பேக்கேஜ் ஓ.கே ஆனது.

ஆயிரம் வருஷச் சுவர் ஒரு ஆஃபர் லெட்டரில் விழுந்தது. ஓர்பனை வில்லன் என்று நான் சொல்லவில்லை. நல்ல வேலைக்காரன், நல்ல சம்பளம் தேடினான். நாமும் அதைத்தான் தேடப்போகிறோம். ஆனால், இன்டர்வியூவில் ‘உன்னால முடியுமா?’ என்று மட்டும்தான் கேட்பார்கள். ‘எதுக்கு?’ என்கிற கேள்வியை நாமதான் கேட்கணும், மக்களே!